ஆறாம் அத்தியாயம்: ஆம்பர் ஏல், அவசரமில்லாமல்

பப்புக்குள் நுழைந்ததும் உட்கார இடம் தேடாதீர்கள். முதலில் பலகையைப் படியுங்கள். போர்ட்லாண்டில் ஓரளவு பெயருள்ள எந்த பப்பிலும் குழாய் வரிசைக்கு மேலே ஒரு கரும்பலகை தொங்கும். பீரின் பெயர், காய்ச்சிய ஊர், ஆல்கஹால் எத்தனை சதவீதம், சில இடங்களில் கசப்பின் எண். பாதிக்கு மேல் ஐ.பி.ஏ. வகைகளாகத்தான் இருக்கும். கடைசியில் ஸ்டௌட் ஒன்றோ இரண்டோ. நடுவில் எங்கோ, கூட்டுக் குடும்பத்து மூன்றாவது பிள்ளை மாதிரி, யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஒரு ஆம்பர் ஏல். சில பலகைகளில் அதுவும் இருக்காது.

சுவைக்கக் கற்றுக்கொள்ள ஆம்பரைவிட நல்ல பீர் கிடையாது என்பது என் கட்சி. ஐ.பி.ஏ.யில், பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸின் குரல் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். ஸ்டௌட்டில் கருக வறுத்த தானியம் முன்னால் வந்து நிற்கும். நம் வீடுகளில் பாகற்காயை வெல்லம் போட்டு வதக்குவார்களே, அந்த வேலைதான் ஆம்பர். கசப்பை மறைக்க வெல்லம் போடுவதில்லை. கசப்பும் தெரிய வேண்டும், வெல்லமும் தெரிய வேண்டும், ஒன்று மிஞ்சினாலும் கறி கெட்டது. அந்தச் சமநிலையைக் கண்டுபிடிக்கப் பழகிய நாக்குக்கு மற்ற வகைகள் தாமாகவே பிடிபடும்.

பெயரில் ஒரு சிக்கல் இருக்கிறது, ஆர்டர் செய்யும் முன்பே அதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆம்பர் என்பது நிறத்தின் பெயர், அவ்வளவுதான். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. அதற்குப் பின் வந்த பல பத்தாண்டுகளில் சிறு ஆலைகள் ஒவ்வொன்றாக மறைந்து, சில பெரிய கம்பெனிகளின் வெளிர்மஞ்சள் லாகர்தான் பீர் என்று ஆகிப்போனது. 1978 அக்டோபரில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வீட்டில் பீர் காய்ச்சுவதை அனுமதித்தது. வாஷிங்டன் மாநிலத்தின் யாகிமாவில் 1982ல் பெர்ட் கிராண்ட் தொடங்கிய பப், மதுவிலக்குக்குப் பிறகு தன் பீரைத் தானே காய்ச்சி அங்கேயே விற்ற முதல் அமெரிக்க பப் என்று சொல்லப்படுகிறது. அப்போது வந்த வாடிக்கையாளர்களுக்குத் தெரிந்த பீர் ஒன்றே ஒன்று. அவர்களிடம் பழைய ஆங்கிலேய வகைப் பெயர்களைச் சொல்லி என்ன பயன்? ஆகவே மேற்குக் கரையின் சிறு ஆலைக்காரர்கள் நிறத்தை வைத்தே பெயர் வைத்தார்கள்: வெளிர், ஆம்பர், பழுப்பு. சுட்டிக்காட்டி வாங்க எளிது.

கலிபோர்னியாவில் 1983ல் அப்படித் திறந்த ஒரு பப், ஹாப்லேண்ட் என்ற சிற்றூரில் மெண்டோசினோ ஆலையினுடையது. ஒரு காலத்தில் ஹாப்ஸ் தோட்டங்கள் நிறைந்திருந்ததால் ஊருக்கே அந்தப் பெயர். அவர்களுடைய ரெட் டெயில் ஏல், ஆம்பர் வகையின் மூத்த பிள்ளைகளில் ஒன்று. இந்த ஆலையின் பெரும்பங்கு 1997ல் விஜய் மல்லையாவின் குழுமத்திடம் போனது, 2018 தொடக்கத்தில் ஆலையே மூடப்பட்டது. அவருடைய விமானக் கம்பெனியின் கதை எல்லோருக்கும் தெரியும், இது பீர்க்காரர்கள் மட்டும் பேசிக்கொள்ளும் கதை.

நிறம் மட்டுமே பெயராகிவிட்டதால் அந்தப் பெயருக்குள் யார் வேண்டுமானாலும் குடிவரலாம். லூசியானாவின் அபிடா ஆம்பர் ஏலே அல்ல, அது மியூனிக் பாணி லாகர். அலாஸ்கன் ஆம்பர், ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரத்து ஆல்ட்பீர் வகை. கொலராடோவின் நியூ பெல்ஜியம் ஆலை 1991ல் கொண்டுவந்த ஃபேட் டயர், பெல்ஜியத்தில் சைக்கிளில் சுற்றியதன் நினைவாகக் காய்ச்சியது. பல ஆண்டுகள் அமெரிக்கர்களுக்கு ஆம்பர் என்றாலே அதுதான். 2023ல் அதன் செய்முறையை மாற்றி, நிறத்தையும் வெளிறச் செய்துவிட்டார்கள். எனவே பார்டெண்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது ஏலா லாகரா என்பது. ஏல் என்றால் 18, 20 டிகிரி சூட்டில் புளித்தது, பழவாசனை லேசாக இருக்கலாம். லாகர் என்றால் குளிரில் மெதுவாகப் புளித்தது, வாசனை அடக்கமாக இருக்கும்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். இந்தப் பீப்பாய் எப்போது திறந்தது?

ஆம்பரை இன்று அதிகம் பேர் கேட்பதில்லை என்று சொன்னேன் அல்லவா, அதன் விளைவு உங்கள் கோப்பையில்தான் வந்து விழும். பெரிய பீப்பாய் ஒன்றில் 58.7 லிட்டர், அமெரிக்க பைண்ட் கணக்கில் 124 பிடிக்கும். ஐ.பி.ஏ. பீப்பாய் வார இறுதி ஒன்றிலேயே காலியாகும் கடையில், ஆம்பர் பீப்பாய் மாதக்கணக்கில் கிடக்கலாம். எனக்கு அது ஒருமுறை நடந்தது. கடையின் பெயர் வேண்டாம். மழைக்கு ஒதுங்கி, ஆசையாக ஆம்பர் கேட்டு, முதல் வாயிலேயே நனைந்த அட்டைப்பெட்டி. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் மழையில் நனைந்துபோன நோட்டுப் புத்தகத்தை மோந்திருந்தால் அந்த வாசனை உங்களுக்குத் தெரியும். பீர் காற்றுப்பட்டுப் பழசானதன் அடையாளம் அது. புதிதாக வருபவர் இதைக் குடித்துவிட்டு, ஆம்பர் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து, அடுத்த முறை வேறு எதையோ கேட்பார். பீப்பாய் இன்னும் சில வாரம் கூடுதலாகக் கிடக்கும்.

நேரடியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால், வாய் நனைக்க மட்டும் கொஞ்சம் ஊற்றித் தரச் சொல்லுங்கள். பல கடைகளில் இலவசம், சிலவற்றில் சிறு கோப்பைக்குத் தனி விலை. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, மாம்பழக்காரர் கீறித் தருவது மாதிரிதான். கையில் பாஸ்போர்ட் இருக்கட்டும். 21 வயது நிறைந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள், தலை முழுக்க நரைத்தவரிடமும் கேட்பார்கள். ஆறு மாதம் எங்களோடு இருக்க வந்திருந்த என் பெரியப்பாவிடம் கேட்டார்கள். அவருக்கு வயது 71. அன்று முழுக்க அவர் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்திருக்க வேண்டும்.

சரி, கோப்பை. இங்கே பெரும்பாலும் நேர்ச்சுவர் கொண்ட தடிமனான 473 மில்லி கண்ணாடியில்தான் தருவார்கள். அது பீருக்காகப் பிறந்ததல்ல, காக்டெயில் கலக்க வைத்திருந்தது. அடுக்கி வைக்க வசதி என்பதால் பீருக்கும் வந்துவிட்டது. வாய் அகன்றிருப்பதால் வாசனை நிற்காமல் போய்விடும். வயிறு பருத்து மேலே குறுகும் டியூலிப் கண்ணாடி இருந்தால் அதில் கேளுங்கள். பனிபூத்த கோப்பையை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பனிக்கட்டியில் வைத்த கோப்பை பார்க்க அழகு. ஆனால் அதன் குளிர் நாக்கை மரத்துப்போகச் செய்யும், ஒட்டியிருக்கும் பனி உருகி பீரில் தண்ணீர் சேரும்.

ஊற்றியதும் கண்ணாடியின் உட்சுவரைக் கவனியுங்கள். குமிழிகள் சுவரில் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் அழுக்கோ எண்ணெயோ இருக்கிறது என்று பொருள். சுத்தமான கோப்பையில் குமிழி கீழிருந்து மேலே போகுமே தவிரச் சுவரில் தங்காது. நுரை இரண்டு விரல் கனம் இருக்க வேண்டும். நுரையை வீண் என்று நினைத்து, விளிம்பு வரை பீராகவே ஊற்றச் சொல்லும் நண்பர்கள் நமக்கு உண்டு. நுரையில்தான் வாசனை ஏறி உட்காருகிறது. அதற்கு எதிரி எண்ணெய். உருளைக்கிழங்கு வறுவலைத் தின்ற உதட்டோடு ஒரு வாய் குடித்துப் பாருங்கள், உதடு பட்ட இடத்தில் நுரை உடைந்து விலகும்.

நிறத்தைப் பார்க்க ஜன்னல் பக்கம் போங்கள். பப்பின் மஞ்சள் விளக்கில் எல்லா பீரும் ஆம்பர்தான். வெள்ளை நாப்கினைப் பின்னால் பிடித்துப் பார்த்தால் உண்மை தெரியும். நல்ல ஆம்பரின் நிறம் என்ன என்று கேட்டால் நான் பனங்கற்கண்டு என்பேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த பெரிய பனங்கற்கண்டுக் கட்டியின் நிறம், ஓரத்தில் பொன், நடுவில் செம்பு. பால் சேர்க்காத இளந்தேநீர் வரை அதன் வெளிறிய எல்லை, கடுந்தேநீருக்கு அப்பால் அது பழுப்பு ஏல் ஆகிவிடும். பெரும்பாலும் தெளிவாக இருக்கும். லேசான மங்கல் குற்றமல்ல.

இனி முதல் வாய். குடியுங்கள், ஆனால் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

அமெரிக்க பப்பின் குழாயில் பீர் மூன்று நான்கு டிகிரி குளிரில் வருகிறது. லாகருக்குச் சரி. ஆம்பருக்கு ஏழு முதல் பத்து டிகிரி வேண்டும். மூன்று டிகிரியில் உங்களுக்குக் கிடைப்பது குமிழியின் சுருக்கும் கொஞ்சம் கசப்பும் மட்டும். என் முதல் ஆம்பரை நான் அப்படித்தான் குடித்தேன். வெயிலில் வந்து தாகத்துக்கு மோர் குடிப்பதுபோல நாலே மடக்கில். கோப்பை காலியான பிறகு, லாகரிலிருந்து இதற்கு என்ன வித்தியாசம் என்று கேட்டால் நிறம் என்பதைத் தவிர எனக்குப் பதில் இருந்திருக்காது. ஒரே கோப்பைக்குள் மூன்று பீர் இருக்கிறது, குளிர் இறங்க இறங்க ஒவ்வொன்றாக வெளியே வரும். அதனால் முதல் வாய்க்குப் பிறகு கோப்பையை வைத்துவிட்டு, உடன் வந்தவரோடு பேசுங்கள். இருபது நிமிடம் போகட்டும். அவசரமானால் இரண்டு உள்ளங்கையாலும் கோப்பையைப் பொதிந்து பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது மோந்து பாருங்கள். நீளமாக இழுக்க வேண்டாம், நாய் மோப்பம் பிடிப்பதுபோல் இரண்டு மூன்று குட்டி மூச்சு. முதலில் மேலே வருவது ஹாப்ஸ். அமெரிக்க ஆம்பரில் பெரும்பாலும் கேஸ்கேட் வகை ஹாப்ஸ் அல்லது அதன் உறவினர். ஒரிகனில் உருவாக்கி 1972ல் வெளியிட்ட ரகம் அது. ஆங்கிலப் புத்தகங்கள் கிரேப்ஃப்ரூட் என்று எழுதும். நம்மிடம் அதைவிடப் பொருத்தமான சொல் இருக்கிறது: பம்ளிமாஸ். பழத்தின் சுளை அல்ல, தோலை உரிக்கும்போது விரலில் தெறிக்கும் எண்ணெய். கூடவே கொடைக்கானல் பைன் காட்டுக்குள் நடந்த ஞாபகமும், சில சமயம் நெருப்பில் போடாத சாம்பிராணிக் கட்டியின் பிசின் வாசனையும் வரலாம். வராவிட்டாலும் குற்றமில்லை. ஆம்பரில் ஹாப்ஸின் வேலை விருந்தை நடத்துவதல்ல, பந்தியில் ஊறுகாயாக இருப்பது.

ஹாப்ஸுக்குக் கீழே இருப்பதுதான் ஆம்பரின் உயிர். இங்கேதான் என் பெரியப்பாவின் கதையைச் சொல்ல வேண்டும். அவர் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். எப்போதாவது ஒரு பீர் என்பதற்கு மேல் பழக்கமில்லாதவர். நான் அதற்கு முன் இரண்டு மாதமாகப் பீர் சுவைக்கும் புத்தகங்களைப் படித்துவிட்டு, டாஃபி, பிஸ்கட், பிரெட் கிரஸ்ட் என்று குறிப்பேடு முழுக்க எழுதிக்கொண்டிருந்தேன். பெரியப்பா கோப்பையை மூக்குக்குக் கொண்டுபோனார், எடுத்தார், மறுபடி கொண்டுபோனார்.

“நெல்லு அவிக்கிற வாசனை வருதேடா” என்றார்.

“நெல்லா? இது பார்லி பெரியப்பா.”

“எதுவோ. உமியோட அவிச்சிருக்கான். அப்புறம் வறுத்திருக்கான்.”

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோது சிரிப்பு நின்றது. பார்லியை ஊறவைத்து, முளைவிட்டதும் உலர்த்தினால் மால்ட். கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து வறுத்து ராகி மால்ட் என்று விற்கிறோமே, அதே பெயர், ஏறக்குறைய அதே வேலை. ஆனால் ஆம்பருக்கு நிறத்தையும் பாகுச் சுவையையும் தரும் கிறிஸ்டல் மால்ட்டை அப்படி நேரே உலர்த்துவதில்லை. முளைவிட்ட பார்லியை ஈரத்தோடேயே 65 டிகிரி அளவில் சூட்டில் வைப்பார்கள். உமிக்குள்ளேயே மாவு சர்க்கரையாக மாறிவிடும். அதன் பிறகு சூட்டைக் கூட்டி வறுக்கும்போது அந்தச் சர்க்கரை பாகாகி, ஆறியதும் உள்ளே கண்ணாடிபோல் இறுகும். நெல்லை உமியோடு அவித்துப் புழுங்கல் ஆக்குவதற்குத் தூரத்துத் தாயாதி என்றே சொல்லலாம். நான் புத்தகத்தில் தேடியதை அவர் மூக்கால் கண்டுபிடித்துவிட்டார்.

பீர் உலகில் எல்லோரும் பயன்படுத்தும் சுவைச் சக்கரம் ஒன்று உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த மார்ட்டன் மெய்ல்கார்ட் 1970களில் உருவாக்கியது. ஆய்வுக்கூடத்தில் பத்துப் பேர் ஒரே சொல்லால் பேச அது மிக உதவும். பப்பில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அது அடுத்தவர் வீட்டுச் சமையலறையின் பட்டியல். டாஃபி தின்று வளராதவர் டாஃபி வாசனையைத் தேடினால் கிடைக்காது. கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சுவதை நின்று பார்த்தவருக்கு அதே வாசனை உடனே கிடைக்கும். எனவே குறிப்பேட்டில் உங்கள் சொல்லை எழுதுங்கள். தவறாக இருந்தாலும் அடுத்த முறை அதே சொல் உங்களை அதே வாசனைக்குக் கூட்டிப்போகும். அதற்குத்தான் குறிப்பேடு.

பாகுக் கணக்கு இங்கே நன்றாக வேலை செய்கிறது. கிறிஸ்டல் மால்ட்டை எவ்வளவு வறுத்தார்கள் என்பதற்கு 40, 60, 80 என்று எண் போடுவார்கள். லோவிபாண்ட் எண் என்று பெயர். 1880களில் நிறக் கண்ணாடி வில்லைகளை வைத்து பீரின் நிறத்தை அளக்க வழி செய்த ஜோசப் லோவிபாண்ட் என்ற ஆங்கிலேய ஆலைக்காரரின் நினைவு. 40 என்றால் வெல்லம் கரைந்து கம்பிப் பதம் வந்த இளம்பாகு. 60 என்றால் கடலைமிட்டாய். 80ஐத் தாண்டினால் பாகு முறியப்போகும் நேரத்துக் கருகல் ஓரம், பேரீச்சை, உலர்திராட்சை. ஆலைக்காரர் எதைப் போட்டார் என்று ஊகித்துவிட்டு பார்டெண்டரிடம் கேளுங்கள். காய்ச்சும் இடத்திலேயே பப் இருந்தால் பதில் கிடைக்கும், சில சமயம் காய்ச்சியவரே எழுந்து வருவார்.

இப்போது இரண்டாவது வாய். கொஞ்சம் பெரிதாகவே எடுத்து, நாக்கின் எல்லாப் பக்கமும் படும்படி ஒரு சுற்றுச் சுற்றி விழுங்குங்கள். நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பள்ளிப் புத்தகத்தில் வரைந்திருந்த படத்தை மறந்துவிடுங்கள், எல்லாச் சுவையும் நாக்கு முழுதும் தெரியும். விழுங்கியதும் வாயை மூடி, மூக்கு வழியாக மெதுவாக மூச்சை விடுங்கள். தொண்டையின் பின்வழியாக ஏறும் அந்த மூச்சில்தான் சுவையின் பெரும்பகுதி இருக்கிறது. நம்பாவிட்டால் ஒரு சோதனை: மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். இனிப்பும் கசப்பும் மட்டும் தெரியும், பாகும் பம்ளிமாஸும் காணாமல் போயிருக்கும். விழுங்கிவிட்டு விரலை எடுங்கள், இரண்டும் ஒரே நேரத்தில் திரும்பி வரும். பக்கத்து மேசைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

அந்த வாயில் கவனிக்க வேண்டியது வரிசை. எது முதலில் வந்தது, எது கடைசி வரை நின்றது? நல்ல ஆம்பரில் இனிப்பு முதலில் வந்து, நடுவில் ரொட்டியின் சிவந்த ஓரம் மாதிரி ஒரு வறுபட்ட சுவை வந்து, கசப்பு பின்னால் வந்து கதவைச் சாத்தும். கதவு சாத்தப்படாமல் இனிப்பு நாக்கிலேயே தங்கினால் அது பாகு, பீரல்ல. சாத்தும்போது படாரென்று சத்தம் கேட்டால் அது சிவப்பு ஐ.பி.ஏ. அமெரிக்கப் பீர்ப் போட்டி நடுவர்களின் வழிகாட்டி ஆம்பருக்குக் கசப்பு எண் 25 முதல் 40 வரை, ஆல்கஹால் 4.5 முதல் 6.2 சதவீதம் வரை என்று வரையறுக்கிறது. பலகையில் 60 என்று எழுதிப் பெயர் ஆம்பர் என்று இருந்தால் என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்துகொள்ளலாம். ஆனால் எண்ணை மட்டும் நம்பவும் கூடாது. இனிப்பு கனமாக இருந்தால் 40ம் மென்மையாகத் தெரியும், பாகற்காய்க் கறியில் வெல்லம் கூடினால் ஆவது போல.

மேசையில் பல வகை வாங்கியிருந்தால் ஆம்பரை எங்கே வைப்பது? கோதுமை பீர், லாகர், வெளிர் ஏல் இவற்றுக்குப் பின், ஐ.பி.ஏ.க்கும் ஸ்டௌட்டுக்கும் முன். ஐ.பி.ஏ. குடித்த நாக்குக்கு அடுத்த பத்து நிமிடம் எந்த ஆம்பரும் வெந்நீர்தான்.

குறைகளைப் பற்றிக் கொஞ்சம். அட்டைப்பெட்டியைச் சொல்லிவிட்டேன். வெண்ணெய் வாசனை, அதுவும் சினிமாக் கொட்டகைப் பாப்கார்னின் வெண்ணெய், நாக்கில் வழுக்கலோடு சேர்ந்து வந்தால் டையசெடில் என்ற பொருள் மிச்சம் நிற்கிறது. புளித்து முடியும் முன் ஈஸ்ட்டை அவசரப்படுத்தியிருக்கலாம். ஆம்பரில் இது ஏமாற்றும், ஏனென்றால் பாகு வாசனையோடு கலந்து நன்றாக இருப்பதுபோலவே தோன்றும். வழுக்கலை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். பச்சை ஆப்பிள் வாசனையும் அவசரத்தின் அடையாளமே. புளித்த மோரும் காடியும் வந்தால் பெரும்பாலும் ஆலையின் தவறல்ல, கடைக் குழாயின் தவறு. பீர் ஓடும் குழாய்களை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்பது அமெரிக்கச் சிறு ஆலைகள் சங்கத்தின் பரிந்துரை. எல்லாக் கடையும் செய்வதில்லை. அதே குழாயில் வேறு பீரையும் சுவைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கோடையில் வெளித்திண்ணையில் உட்கார்ந்தால் கோப்பையை நிழலில் வையுங்கள். ஹாப்ஸின் பொருள்கள் வெயில் பட்டால் சில நிமிடங்களிலேயே ரப்பர் கருகினாற்போன்ற நெடியாக மாறும்.

கெட்ட பீரைத் திருப்பிக் கொடுக்கலாம். நமக்கு இது எளிதில் வராது, ஹோட்டலில் ஊசிப்போன சட்னியைக்கூட ஓரமாக ஒதுக்கிவிட்டு வரும் பழக்கம். கால்வாசிக்கு மேல் குடிக்காமல், குரலை உயர்த்தாமல், இது கொஞ்சம் பழசாகத் தெரிகிறது, நீங்கள் ஒரு வாய் பார்க்கிறீர்களா என்று கேளுங்கள். பிடிக்கவில்லை என்பது வேறு, கெட்டுவிட்டது என்பது வேறு. முதலாவதுக்குத் திருப்பிக் கொடுப்பது முறையல்ல. நான் அந்த மழை நாளில் சொன்னபோது பார்டெண்டர் தானும் ஊற்றிச் சுவைத்து, முகம் சுளித்து, அங்கேயே அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றி வைத்தார். அடுத்த கோப்பைக்குக் காசு வாங்கவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் டிப்ஸ் வைத்தேன். கோப்பைக்கு ஒரு டாலர், அல்லது மொத்தத்தில் 15 முதல் 20 சதவீதம் என்பது இங்கே வழக்கம்.

கூடத் தின்ன, நெருப்பில் சிவந்தது எதுவும் பொருந்தும்: பர்கர், சுட்ட கோழி, ஓரம் கருகிய பீட்சா, செடார் சீஸ். வறுபட்ட இறைச்சியும் வறுபட்ட மால்ட்டும் ஒரே குலம். காரம் என்றால் கவனம். ஹாப்ஸின் கசப்பு மிளகாயின் எரிச்சலைத் தூண்டிவிடும், ஆகவே காரத்துக்கு ஐ.பி.ஏ.வைவிட ஆம்பர் மேல், இனிப்பு கொஞ்சம் அணை போடும். சிக்கன் 65ஓடு வீட்டில் வைத்துப் பார்த்திருக்கிறேன், பழுதில்லை. சுவைப்பதுதான் நோக்கம் என்றால் தின்பதைக் கோப்பையின் பிற்பாதிக்குத் தள்ளுங்கள். நடுநடுவே தண்ணீரும் வெறும் ரொட்டியும் போதும்.

அளவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 5.5 சதவீத ஆம்பர் 473 மில்லி என்றால் உள்ளே சுமார் 20 கிராம் ஆல்கஹால். அமெரிக்கக் கணக்கில் ஒரு பானம் என்பது 14 கிராம். ஆக, ஒரு பைண்ட் என்று நீங்கள் எண்ணுவது ஒன்றரை. இரண்டு பைண்ட் மூன்று. வண்டியை வீட்டில் விட்டுவிட்டு ரயிலிலோ பஸ்ஸிலோ வாருங்கள். எப்படியும் மூன்றாவது கோப்பையில் நாக்குக்கு எதுவும் தெரியாது, அதற்குச் சுவைத்தல் என்று பெயரில்லை.

முக்கால் மணி ஆகியிருக்கும். கோப்பையின் அடியில் இரண்டு விரல் மிச்சம். சுவரில் நீங்கள் குடித்த ஒவ்வொரு வாய்க்கும் ஒரு நுரை வளையம், மரத்தின் வயதை எண்ணுவதுபோல் எண்ணலாம். நுரை அடங்கி, பீர் அறையின் சூட்டுக்கு வந்துவிட்டது. மூன்றாவது பீர் இது. குளிர் மறைத்து வைத்திருந்த எல்லாமே இப்போது வெளியே நிற்கும். ஆல்கஹாலின் லேசான காந்தல், ஈஸ்ட் விட்டுப்போன பழவாசனை, இருந்தால் அந்த வெண்ணெயும். இந்த நிலையிலும் இன்னொரு வாய் எடுக்கத் தோன்றினால் காய்ச்சியவர் கெட்டிக்காரர், பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று பெரியப்பா இந்தக் கடைசி வாயைக் குடித்துவிட்டு, “கருப்பட்டிக் காப்பி ஆறிப்போனா இப்படித்தான் இருக்கும், ஆனா இது நல்லாயிருக்கு” என்றார். குறிப்பேட்டில் அதை அப்படியே எழுதி, தேதி போட்டேன். வாய் மறுத்தால் மிச்சத்தை விட்டுவிட்டு எழுந்துகொள்ளுங்கள். காசு கொடுத்தாயிற்றே என்று குடித்துத் தீர்க்க வேண்டியதில்லை.